கேட்டது சரிதானா? மலைக்கு மேலே பறப்பவர்களின் வானொலிப் பேச்சு

1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த மார்ட்டின்ஏர் டி.சி-8 விமானம் நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 பயணிகள், 9 பணியாளர்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றுவரை இதுதான் மிகப் பெரியது. அதன் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் இன்னும் அந்த இரவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்தக் கதைகளை விட்டுவிட்டு வானொலியில் நடந்ததை மட்டும் பார்ப்போம். கொழும்பிலிருந்து 130 மைல் தூரத்தில் இருப்பதாகத் துணை விமானி அறிவிக்கிறார். 15,000 அடி மட்டத்துக்கு இறங்க அனுமதி கிடைக்கிறது. அப்புறம் 5,000 அடி. அப்புறம் 2,000 அடி. கூடவே, ஓடுபாதை 04 ஐ எதிர்பாருங்கள், விமான நிலையம் கண்ணில் பட்டதும் அறிவியுங்கள் என்ற செய்தி. இறங்கிக்கொண்டே வந்த விமானம் சுமார் 4,355 அடி உயரத்தில் மலையில் மோதியது. கொழும்பு அப்போது இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் தள்ளி இருந்தது. விமானிகள் தங்கள் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பது விசாரணையின் முடிவு. விமானத்திலிருந்த டாப்ளர் கருவியையும் (தரையை நோக்கி அலை அனுப்பி வேகத்தையும் கடந்த தூரத்தையும் கணிப்பது) வானிலை ராடாரையும் நம்பியிருந்தது தவறான கணிப்புக்கு இடம் கொடுத்தது என்றும் அது சொன்னது.

அந்த முடிவில் யாருடைய காதும் குற்றவாளியாகவில்லை. இரைச்சலில் எண் மாறிப்போனது, மொழி விளங்கவில்லை என்று எதுவும் அதில் இல்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். பேச்சு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே மலை குறுக்கே வந்துவிட்டது.

விமான வானொலி ஒழுக்கம் என்றால் நல்ல ஆங்கிலம், தெளிவான உச்சரிப்பு, சரியான கலைச்சொற்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் அந்தப் பேச்சின் உண்மையான வேலை, இரண்டு பக்கமும் மனதில் வைத்திருக்கும் படம் ஒன்றுதானா என்று சோதித்துப் பார்ப்பது. அந்தச் சோதனை நடக்காவிட்டால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை. மலைநாட்டில் அதற்கான விலை இன்னும் அதிகம்.

மூன்று நாள் முன்னால், வேறொரு மலை

நோட்டன் பிரிட்ஜ் விபத்துக்குச் சரியாக மூன்று நாள் முன்பு, 1974 டிசம்பர் 1 ஆம் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் என்ற மலையில் டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மோதியது. அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். அங்கே சிக்கல் ஒரு அனுமதியில் இருந்தது. தரையிறங்கும் அணுகுமுறையை, அதாவது வரைபடத்தில் குறித்த இறங்கு பாதையை, தொடங்கலாம் என்று தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்தார். அந்த அனுமதி வந்துவிட்டதால் அணுகுமுறையின் 1,800 அடிக்கு உடனே இறங்கலாம் என்று விமானி எடுத்துக்கொண்டார். இடையில் மலை இருந்தது. எந்தக் கட்டம் வரை எந்த உயரத்தைக் காப்பது விமானியின் பொறுப்பு, எது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு என்பதில் இரு பக்கமும் வெவ்வேறு எண்ணத்தில் இருந்தார்கள்.

அதன் பிறகு அமெரிக்காவில் நடைமுறை திருத்தப்பட்டது. வரைபடத்தில் குறித்த பாதையில் விமானம் சேரும்வரை கடைசியாகக் கொடுத்த உயரத்தைக் காக்க வேண்டும் என்பது தெளிவாக்கப்பட்டது. தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியதும் இந்த விபத்தின் விளைவுதான்.

இதிலிருந்து வந்த முதல் பழக்கத்தை மலைக்கு மேலே பறக்கும் எல்லோரும் வைத்திருக்க வேண்டும். இறங்க அனுமதி வந்தவுடன் கை கீழே போகக் கூடாது; கண் முதலில் வரைபடத்துக்குப் போக வேண்டும். நான் இப்போது எங்கே இருக்கிறேன், இந்த இடத்தில் பாதுகாப்பான குறைந்த உயரம் என்ன, கொடுத்த எண் அதற்கு மேலேயா கீழேயா? பிதுருதலாகலை 2,524 மீற்றர், அதாவது 8,281 அடி. சிவனொளிபாத மலை 2,243 மீற்றர். இந்த எண்கள் விமானியின் மனதில் இல்லாமல், "5,000 அடிக்கு இறங்கலாம்" என்ற குரல் மட்டும் காதில் இருந்தால் அந்தக் குரலே ஆபத்து. எண் ஒத்துவராவிட்டால் சொல்ல ஒரு சொல் இருக்கிறது: "அனேபிள்". முடியாது என்று பொருள். அதைச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. விமானிக்கு உள்ள உரிமை அது.

மலை குரலை மறைக்கும்

விமானங்கள் பேசுவது பெரும்பாலும் வி.எச்.எஃப். அலைகளில், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலை நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைச் சுற்றி வராது. கணக்கு எளிது: அடியில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23 ஆல் பெருக்கினால் எத்தனை கடல்மைல் வரை அலை எட்டும் என்று தோராயமாகத் தெரியும். 1,000 அடியில் 39 கடல்மைல். 10,000 அடியில் 123. கடலுக்கு மேலே இந்தக் கணக்கு நன்றாக ஒத்துவரும். நம் ஊரில் நடுவே ஒரு மலைத்தொடர் வந்துவிட்டால் கணக்கு பொய்த்துவிடும். கையில் போனோடு சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுகிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பிதுருதலாகலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரமும் ராடாரும் வைத்ததற்கும் இதே பௌதிகம்தான் காரணம்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சிறிய கடல்விமானங்கள் இறங்கியிருக்கின்றன. நாலு பக்கமும் மலை, நடுவில் தண்ணீர். மேலே இருக்கும்வரை கொழும்போடு தெளிவாகப் பேசிக்கொண்டு வரலாம். மலை முகட்டுக்குக் கீழே இறங்கியதும் குரல் அறுந்துவிடலாம். அதனால் அறிவிக்க வேண்டியதை இறங்கும் முன்பே அறிவிப்பதுதான் நல்ல பழக்கம்: இப்போது இன்ன இடத்தில் இறங்கப் போகிறேன், இத்தனை மணிக்குத் தரையிறங்குவேன், இத்தனை மணிக்குள் என் குரல் வராவிட்டால் தேடுங்கள். குரல் எட்டவில்லை என்றால், உயரத்தில் போகும் இன்னொரு விமானத்திடம் சொல்லி அதன் மூலம் செய்தியைக் கடத்தலாம். விமானிகள் இதைத் தயங்காமல் செய்கிறார்கள். எதிர்ப்பக்கம் கேட்கிறதா என்று தெரியாத நிலையில் "டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட்" என்று தொடங்கி, சொல்ல வேண்டியதை இரண்டு தடவை சொல்வதும் முறைதான். மற்றவர் குரலைப் பெறும் தன் கருவி பழுதாகியிருக்கலாம். தன் குரல் மட்டும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

அலை பற்றி இன்னொன்று. உலகம் எஃப்.எம்.முக்கும் டிஜிட்டலுக்கும் போன பிறகும் விமானக் குரல் பழைய ஏ.எம். முறையிலேயே நிற்கிறது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் மட்டும் கேட்கும். மற்றவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி வரும். செய்தி கெட்டாலும், யாரோ பேச முயன்றார் என்பதாவது தெரியும். கீச்சொலி கேட்டால் விடக்கூடாது. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்காமல் விட்டதன் விலை, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் நடந்தது. 1977 மார்ச் 27, அடர்ந்த மூடுபனி, இரண்டு போயிங் 747 விமானங்கள். கே.எல்.எம். விமானத்திலிருந்து "வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்று குரல் வந்தது. அதை ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டோம் என்றும் கொள்ளலாம், புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டுக் கோபுரம் "ஓகே" என்றது. பிறகு, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்று கோபுரம் சொன்னதும், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானம் சொன்னதும் ஒன்றோடொன்று மோதின. கே.எல்.எம். விமானிகளின் காதில் "ஓகே"வும் அதைத் தொடர்ந்த கீச்சொலியும்தான் விழுந்தன. இரண்டு விமானங்களும் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு "டேக்-ஆஃப்" என்ற சொல்லைப் புறப்படும் அனுமதியைக் கொடுக்கும்போதும், அதைத் திருப்பிச் சொல்லும்போதும், அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிப்பது என்று வழக்கம் மாறியது. மற்ற இடங்களில் "டிபார்ச்சர்". இன்றைக்கு ரத்மலானையில் பறக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்

அலைவரிசைக்கு மாறியவுடன் பேசக் கூடாது. கொஞ்சம் கேட்க வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருக்கலாம், அல்லது ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் வர வேண்டியிருக்கலாம். ஒரே அலைவரிசையில் எல்லோரும் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்ற படம் நம் தலையில் தானாகவே உருவாகும். நம்மிடம் சொல்லாத செய்தியும் நமக்கான செய்திதான்.

அப்புறம் யோசிக்க வேண்டும். யாரை அழைக்கிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும். இந்த நாலும் மனதில் வரிசையாக நின்ற பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அரை நொடி விட்டுத் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். அந்த முதல் சொல் பெரும்பாலும் அழைப்புப் பெயராக இருக்கும், போனால் சிக்கல். "ஆ... ம்ம்..." என்று பொத்தானை அழுத்திக்கொண்டு யோசிப்பவர் அந்த நேரம் முழுக்க மற்ற எல்லோருடைய வாயையும் பொத்துகிறார். பொத்தான் சிக்கி அழுந்திய நிலையிலேயே நின்றுவிட்டால் இன்னும் மோசம்: ஒரு விமானத்தின் அரட்டை முழு வட்டாரத்தையும் ஊமையாக்கிவிடும்.

(சினிமாவில் வரும் "ஓவர் அண்ட் அவுட்" உண்மையில் யாரும் சொல்வதில்லை. ஒன்று பதிலை எதிர்பார்க்கிறேன் என்பது, மற்றது பேச்சு முடிந்தது என்பது. இரண்டும் சேர்ந்து வராது.)

இடத்தைச் சொல்வதில் மலையகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நமக்கு எல்லா இடமும் தோட்டத்தின் பெயரால்தான் தெரியும். அந்தத் தோட்டத்துக்கு மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு பெயர், நாம் தமிழில் கூப்பிடும் வேறொரு பெயர். விமானியின் வரைபடத்தில் இவை எதுவும் இருக்காது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டபோது மலைநாட்டின் பல இடங்களுக்கு ஹெலிகொப்டர்தான் போக முடிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், ஒருவரையொருவர் முன்பின் அறியாத விமானிகள் ஒரே பள்ளத்தாக்கில் பறக்க நேரலாம். அப்போது எல்லோரும் அறிந்த அடையாளத்தைத்தான் சொல்ல வேண்டும்: நீர்த்தேக்கம், நகரம், பெரிய சிகரம். அதிலிருந்து எந்தத் திசையில், எத்தனை மைல், என்ன உயரம், எந்தப் பக்கம் போகிறேன். "கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு வடக்கே 2 மைல், 4,500 அடி, நுவரெலியா பக்கம் ஏறுகிறேன்" என்ற அளவில் செய்தி இருந்தால் போதும். திசையையும் உயரத்தையும் விட்டுவிட்டு இடத்தை மட்டும் சொன்னால், கேட்பவர் கழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் தேட வேண்டியிருக்கும்.

திருப்பிச் சொல்வது

கட்டுப்பாட்டாளர் கொடுக்கும் அனுமதி, உயரம், திசை, வேகம், ஓடுபாதை இலக்கம், உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண், ராடார் திரையில் விமானத்தை அடையாளம் காட்டும் குறியீட்டு எண் ஆகியவற்றை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ரோஜர்" போதாது. ரோஜர் என்றால் நீங்கள் சொன்னது முழுக்க வந்து சேர்ந்தது என்பதுதான். என்ன சேர்ந்தது என்பதை அது சொல்லாது. எண் மாறிச் சேர்ந்திருந்தாலும் ரோஜர்தான்.

திருப்பிச் சொல்வதில் பாதி வேலைதான் விமானிக்கு. மற்றப் பாதி, திரும்பி வந்ததைக் கட்டுப்பாட்டாளர் உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்பது. 1989 பெப்ரவரி 19, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றி வந்த ஃபிளையிங் டைகர் 66, ஒரு போயிங் 747. 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு என்ற "டூ"வும் "-க்கு" என்று பொருள்படும் "டூ"வும் ஒன்றுபோல ஒலிக்கும்; அந்த முதல் "டூ" விமானிகளுக்கு எண்ணாகப் படவில்லை. "நானூறுக்கு இறங்கு" என்பதாகக் கேட்டது. "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று பதில் போனது. அந்தப் பதிலிலேயே தவறு வெட்டவெளிச்சமாக இருந்தது. யாரும் திருத்தவில்லை. கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் விமானம் மோதியது; நாலு பேரும் இறந்தார்கள். உயரத்தை "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று ஆயிரம், நூறு என்ற சொற்களோடும், கடைசியில் அடி என்ற அலகோடும் சொல்லும் பழக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு விபத்தே பதில்.

நம் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது நடத்துநர் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் நின்றால் சாரதி உடனே பிரேக்கை மிதிப்பார். குரல் இல்லை என்றால் சம்மதம் இல்லை. வானொலியிலும் அதே கணக்கு இருக்க வேண்டும். ஆனால் பழக்கத்தில் தலைகீழாகிவிடுகிறது. தவறாகத் திருப்பிச் சொன்னதற்கு மறுப்பு வராவிட்டால், சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று விமானி எடுத்துக்கொள்கிறார். மறுபக்கம் கட்டுப்பாட்டாளர் அடுத்த விமானத்தோடு மும்முரமாக இருந்திருக்கலாம். பஸ்ஸை நிறுத்தலாம், விமானத்தை அந்தரத்தில் நிறுத்த முடியாது. அதனால் சந்தேகம் இருந்தால் விமானி தானாகவே மீண்டும் கேட்க வேண்டும்: "கன்ஃபர்ம், 2,400 அடியா?" மலைப்பக்கம் 400 அடி என்று ஒரு எண் வந்தால், அது எவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தாலும், நம்பக் கூடாது. காதில் விழுந்த எண் நிலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும் திருப்பிச் சொல்வதன் ஒரு பகுதிதான்.

காற்றழுத்த எண்ணும் அப்படித்தான். உயரமானி அழுத்தத்தை அளந்து உயரமாகக் காட்டும் கருவி. தவறான எண்ணை வைத்தால் அது கூசாமல் தவறான உயரத்தைக் காட்டும். எண் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) பிழைத்தால் உயரம் சுமார் 28 அடி பிழைக்கும். 2022 மே 23 ஆம் திகதி பாரிஸின் சார்ல்ஸ் டி கோல் நிலையத்தில் இறங்க வந்த ஒரு ஏர்பஸ் ஏ320 க்கு 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்ற எண்ணைக் கட்டுப்பாட்டாளர் கொடுத்துவிட்டார். விமானிகள் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள், தவறான எண்ணை. கருவி காட்டியதைவிட விமானம் சுமார் 280 அடி தாழ்வாக வந்தது. ஓடுபாதைக்கு ஒரு மைல் முன்பு தரையிலிருந்து 6 அடி உயரம்வரை போய்விட்டு மேலே எழும்பித் தப்பியது. இங்கே திருப்பிச் சொல்லும் விதி முழுக்கக் கடைப்பிடிக்கப்பட்டது, ஆனால் காப்பாற்றவில்லை. வந்த எண்ணை இன்னொரு மூலத்தோடு, சற்று முன் கேட்ட வானிலை அறிக்கையோடு, ஒப்பிட்டிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

ஆங்கிலம் எவ்வளவு வேண்டும்?

தோட்டப்புறப் பாடசாலையில் தமிழில் படித்துவிட்டு விமானியாக ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2008 மார்ச்சிலிருந்து விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்திறன் அளவுகோலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மொத்தம் ஆறு நிலைகள்; சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். நான்காம் நிலைக்காரர் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி சோதனைக்குப் போக வேண்டும் என்பது பரிந்துரை.

அந்த நான்காம் நிலை என்ன கேட்கிறது என்று பார்த்தால் பயம் பாதி குறையும். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம். விளங்கிக்கொள்வதற்கு அது அடிக்கடி இடையூறாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இலக்கணப் பிழை வரலாம். ஆனால் தவறான புரிதல் ஏற்பட்டதாகத் தோன்றினால் அதைச் சரிபார்த்து, உறுதிப்படுத்தி, தெளிவுபடுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. லண்டன் உச்சரிப்பைவிட "சே அகெய்ன்" என்று கேட்கும் துணிவு முக்கியம் என்பதை அந்த அளவுகோலே சொல்கிறது.

எண்களுக்கும் எழுத்துகளுக்கும் தனி உச்சரிப்பு வைத்ததும் எல்லா நாட்டு நாக்குக்கும் பொதுவாகத்தான். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் இன்றைய எழுத்து வரிசை 1956 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று "ட்ரீ", ஐந்து "ஃபைஃப்", ஒன்பது "நைனர்". ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். தமிழ்க்காரர்களுக்கு பி, டி, ஜி போன்ற எழுத்துகளில் தடுமாற்றம் வரும். பிராவோ, டெல்டா, கோல்ஃப் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

மொழி போதாததால் நடந்தவையும் உண்டு. 1996 நவம்பர் 12 ஆம் திகதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி, கஸகஸ்தான் விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடி மட்டத்தில் நிற்க வேண்டிய கஸக் விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அதில் வானொலியில் பேசுவதற்கென்று ஒருவர் தனியாக இருந்தார். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. காதும் கையும் இரு வேறு ஆட்களிடம்.

எனக்கு அதைவிட உறைப்பது காலி; நம் காலி இல்லை, தென்னமெரிக்காவில் உள்ள நகரம். 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் மலைகளுக்கு நடுவே காலி நகரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் 965 விமானம் மலையில் மோதியது. 163 பேரில் நாலு பேர் மட்டும் பிழைத்தார்கள். விமானிகள் தங்கள் இடத்தைத் தொலைத்திருந்தார்கள். அவர்கள் கேட்ட கோரிக்கைகள் அவர்கள் இருக்கும் இடத்தோடு ஒத்துவரவில்லை என்று கட்டுப்பாட்டாளருக்குப் பட்டது. தன் மொழியில் பேசும் விமானியாக இருந்திருந்தால் இன்னும் துருவிக் கேட்டிருப்பேன் என்று பிறகு அவர் விசாரணையில் சொன்னார். வழக்கமான வானொலிச் சொற்கள் அவருக்குத் தெரியும். "நீங்கள் கேட்பது எனக்குப் பொருந்தவில்லையே" என்று சொல்லும் அளவு ஆங்கிலம்தான் இல்லை. கலைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும் என்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

நம் பக்கத்துக்கு இதில் இன்னொரு படியும் உண்டு. பெரியவர் சொன்னால் "சரிங்க சேர்" என்று வாங்கிக்கொள்ளும் வளர்ப்பு நம்முடையது. வகுப்பில் விளங்கவில்லை என்று கை தூக்குபவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வை நமக்குத் தெரியும். தோட்டத்திலும் அலுவலகத்திலும் திரும்பக் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகவே பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. இந்தப் பழக்கத்தோடு விமானி இருக்கைக்குப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலத்தைவிட முதலில் பழக்க வேண்டியது, தலைமை விமானியிடமும் கட்டுப்பாட்டாளரிடமும் முகம் சுளிக்காமல் மறுபடி கேட்பது. பயிற்சியாளர் அதை வெறும் சொல்லாக விடக் கூடாது. வேண்டுமென்றே தவறான உயரத்தைக் கொடுத்து, பிள்ளை பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆபத்து என்றால் ஆபத்து என்று

தயக்கம் மிகக் கொடுமையாகத் தெரிவது அவசரத்தில்தான். 1990 ஜனவரி 25, நியூயோர்க்கில் வானிலை மோசம். கொலம்பியாவின் அவியாங்கா 52 விமானம் நீண்ட நேரம் வானில் காத்திருந்து எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். அவசரநிலை என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. அவசரம் என்று சொல்லச் சொல்லித் தலைமை விமானி கேட்டும், வானொலியைக் கையாண்ட துணை விமானி கட்டுப்பாட்டாளரிடம் எரிபொருள் தீர்கிறது என்று மட்டும்தான் சொன்னார், அதுவும் வேறொரு பதிலின் வாலில். நெரிசலான இரவில் எரிபொருள் குறைவு என்று சொல்லாத விமானமே இருக்காது. "மேடே" என்ற ஆபத்துக் குரல் மூன்று தடவை கேட்டால்தான் எல்லாம் நிற்கும். எரிபொருள் அவசரத்துக்கென்று "மேடே, மேடே, மேடே, ஃபியூவல்" என்ற அறிவிப்பே இப்போது விதியில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு "பான்-பான்". ராடார் குறியீட்டில் அவசரத்துக்கு 7700, வானொலி செயலிழந்தால் 7600. அவசர அலைவரிசை 121.5 மெகாஹெர்ட்ஸ். ஏற்கெனவே ஒரு கட்டுப்பாட்டாளரோடு பேசிக்கொண்டிருந்தால் அதற்கு மாற வேண்டியதில்லை. பேசிக்கொண்டிருக்கும் இடத்திலேயே சொல்லலாம்.

அதே நேரம், பேசுவது மூன்றாவது வேலைதான். முதலில் விமானத்தை ஓட்ட வேண்டும், அப்புறம் எங்கே போகிறோம் என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பேச்சு. மேகம் சூழ்ந்த பள்ளத்தாக்கில் திரும்பிக்கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டாளர் அழைத்தால் "ஸ்டாண்ட் பை" என்ற இரண்டு சொல் போதும். இயந்திரம் நின்றுபோன விமானத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எல்லாப் பயிற்சியாளர்களிடமும் ஒரு கதை இருக்கும். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி "டெரெய்ன், புல் அப்" என்று கத்தினால் வானொலியில் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கட்டுப்பாட்டாளர் கொடுத்த உயரம் எதுவாக இருந்தாலும் முழுப் பலத்தோடு மேலே இழுக்க வேண்டும். பாதுகாப்பான உயரத்துக்கு வந்த பிறகு, கருவி எச்சரித்ததால் ஏறினோம், இப்போது இந்த உயரத்தில் இருக்கிறோம் என்று அறிவித்தால் போதும்.